மூன்றாவது நாசில்

இப்போதெல்லாம் யாரும் வேலையைப் பார்ப்பதில்லை. வேலையின் படத்தைப் பார்க்கிறார்கள். ஒரு நட்டைக் கழற்ற வேண்டுமென்றால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் போனை எடுக்கிறார்கள். எங்கேயோ எவனோ கழற்றுவதை முழுசாகப் பார்த்து, தலையை ஆட்டி, அதற்கப்புறம்தான் கை நட்டுக்கே போகிறது. அவன் கழற்றியது வேறு நட்டு. அது துருப்பிடிக்காத நட்டு. அதைச் சொன்னால் நான் பழைய ஆள். எதிர்த்துப் பேசினாலாவது பரவாயில்லை. "சரிங்க, சரிங்க" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு மறுபடி போனையே பார்ப்பார்கள்.

என் மருமகளும் அந்த ரகம்தான். தீயணைப்பு செட் வந்த பெட்டியைப் பிரித்தபோது, உள்ளே இருந்த சிலிண்டரையோ குழாயையோ தொடவில்லை. மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த படத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

"மாமா, இங்க பாருங்க. நாசில் எங்கெங்க வைக்கணும்னு அழகா போட்டிருக்கான்."

"அது யாரு கார்?"

"யாரு காரும் இல்ல மாமா. சும்மா ஒரு படம்."

"அப்ப அந்தக் காருக்கு வை."

அவள் சிரித்தாள். அதுவும் எனக்குப் பிடிக்காது. திட்டினால் சிரிக்கிற மனுஷியிடம் எப்படித்தான் சண்டை போடுவது?

எங்களுடையது ரேஸ் கார் கட்டுகிற பட்டறை. புதுக் கார் ஒன்றும் இல்லை. ரோட்டில் ஓடி அலுத்த சின்னக் காரை வாங்கி, சீட்டு, மெத்தை, கம்பளம் எல்லாவற்றையும் உரித்துப்போட்டு, உள்ளே இரும்புக் குழாயால் கூண்டு கட்டி, வேறு எஞ்சின் ஏற்றுவோம். குழாய் வளைப்பதும் வெல்டிங்கும் நான். எஞ்சின் என் மகன். ஓட்டுவது அவன் பெண்டாட்டி, இந்த மருமகள்தான். மருமகளைக் கூண்டில் அடைத்த மாமனார் என்று மற்ற பட்டறைக்காரர்கள் என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். என் கூண்டு நசுங்கி நான் பார்த்ததில்லை.

செட்டு எப்படி வேலை செய்கிறது என்றால், சிலிண்டருக்குள் நுரை இருக்கிறது. ஓட்டுகிறவர் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு பிடி, காருக்கு வெளியே ஒரு பிடி. எதை இழுத்தாலும் சிலிண்டர் திறந்துகொள்ளும். நுரை குழாய் வழியாக ஓடி நாசில் வாயில் விசிறி மாதிரி அடிக்கும். எங்களுக்கு வந்தது சின்ன செட்டு. மூன்றே நாசில். இரண்டு எஞ்சினுக்கு, ஒன்று ஆளுக்கு. நாமே நாலாவதாக ஒன்றைச் சேர்க்கலாமே என்றால், அழுத்தம் பத்தாமல் நாலும் ஒழுகும். அதோடு, செட்டில் கை வைத்தது தெரிந்தால் சோதனைக்காரர் காரை வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

சனிக்கிழமை அவரிடம் காட்ட வேண்டும். அவர் ஸ்டிக்கர் ஒட்டினால் ஞாயிறு ரேஸ். ஒட்டாவிட்டால் காரை வண்டியில் ஏற்றி வீட்டுக்கு. அது சின்னக் கவலை. பெரிய கவலை வேறு. ஓடும்போது கார் பற்றிக்கொண்டால், அந்த மூன்றாவது நாசில் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இந்தப் பெண் முழுசாக வீட்டுக்கு வருவாளா இல்லையா என்பது.

என்னைக் கேட்டால் இந்தச் செட்டையே நான் நம்பமாட்டேன். பட்டறைக் கதவுப் பக்கத்தில் ஒரு சிவப்பு சிலிண்டர் மாட்டியிருக்கிறது. தூக்கிக்கொண்டு ஓடிப் போய்க் கையால் அடிப்பது. அதை நம்புவேன். தீ எங்கே போகிறதோ அங்கே திருப்பலாம். ஒரே இடத்தை முறைத்துக்கொண்டு நிற்கிற நாசிலுக்கு, தீ அங்கேதான் வரும் என்று யார் சொன்னது?

ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதாம். வைத்தே ஆக வேண்டுமாம். சரி, வைப்பதென்றால் ஒழுங்காக வைப்போம் என்று இறங்கினேன்.

எஞ்சின் நாசில் இரண்டுக்கும் பெரிய சண்டை வரவில்லை. ஒன்று பெட்ரோல் குழாயைப் பார்க்க வேண்டும், இன்னொன்று எக்ஸாஸ்ட் மேல் ஆயில் கசிந்தால் விழுகிற இடத்தைப் பார்க்க வேண்டும். மகன் இடம் காட்டினான், நான் அளவெடுத்தேன். மருமகள் படத்தைப் பார்த்து "கரெக்ட்" என்றாள்.

"பானெட்டை மூடு" என்றேன்.

"எதுக்குப்பா?" என்றான் மகன்.

"ரேஸ்ல திறந்துவச்சுக்கிட்டா ஓட்டப்போறா?"

மூடிவிட்டு, கீழே படுத்து லைட் அடித்துப் பார்த்தால், பானெட்டோடு சேர்ந்து இறங்குகிற காற்றுக் குழாய் ஒரு நாசிலின் வாயையே அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு சாண் நகர்த்தினோம். படத்தில் பானெட் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

சண்டை மூன்றாவதுக்குத்தான்.

"காலுக்கு" என்றாள் அவள். "தீ எஞ்சின் பக்கமிருந்துதான் வரும். தடுப்புத் தகட்டைத் தாண்டினா முதல்ல என் காலைத்தான் தொடும். பெடலுக்குப் பக்கத்துல அடிக்கணும்."

"கைக்கு" என்றேன் நான். "ஸ்டியரிங்குக்குப் பின்னால வச்சு, கையும் நெஞ்சும் நனையற மாதிரி."

"மூஞ்சில அடிக்கும் மாமா."

"அடிச்சா அடிக்கட்டும். மூஞ்சிக்கு ஹெல்மெட் இருக்கு. காலுக்கு ஷூ இருக்கு. கை போச்சுன்னா எதை வச்சு வெளிய வருவ?"

சொல்லிவிட்டு மகன் பக்கம் பார்க்காமல் இருக்கத்தான் நினைத்தேன். பார்த்துவிட்டேன்.

அவன்தான் முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தான். வேறொரு பட்டறைக் கார். பெட்ரோல் குழாய் பிளந்து தீப்பிடித்தது. தானாகவே வெளியே வந்துவிட்டான். ஆனால் வலது கையில் கிளவுஸ் இல்லாமல் வந்தான். இப்போது அந்த விரல்கள் முழுசாக மடங்காது. எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எது கோளாறு என்று சொல்வான். ஒரு சின்ன நட்டைப் பிடிக்கச் சொன்னால் கீழே போடுவான்.

"அப்பா, அந்தக் கார்ல நாசில் நெஞ்சைப் பாத்துத்தான் இருந்துச்சு" என்றான் மகன். "நீங்க சொல்ற மாதிரியேதான். ஹெல்மெட் கண்ணாடி பூரா நுரை. பெல்ட் பக்கிள் கண்ணுக்கே தெரியல. தடவிப் பாக்கத்தான் கிளவுஸைக் கழட்டினேன். எத்தனை தடவை சொல்றது?"

"நுரை நெஞ்சுக்கு வந்திருந்தா கை எப்படிடா வெந்துச்சு?"

"கிளவுஸைக் கழட்டினதால."

"நுரை பத்தல. அதான். பத்தியிருந்தா வெந்திருக்காது."

அவன் எஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டான். இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் எத்தனையோ தடவை நடந்து, எத்தனையோ தடவை இதே இடத்தில் நின்றிருக்கிறது. உள்ளே இருந்தவன் அவன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தீக்குள் இருக்கிறவன் எதைப் பார்த்திருப்பான்? வெளியே நின்று பார்த்தவன் நான்.

"நீ காலுக்கு வைக்கிறதா இருந்தா வேற வெல்டரைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டேன் மருமகளிடம்.

அந்த நாசில் தானாக நிற்காது. அதற்கு ஒரு பிராக்கெட் வேண்டும். கூண்டுக் குழாயில் ஓட்டை போடக்கூடாது. ஒரு சின்னத் தகட்டை வைத்துப் பற்றவைக்க வேண்டும். மகனால் இப்போது வெல்டிங் பிடிக்க முடியாது. நான் மாட்டேன் என்றால் சனிக்கிழமை இல்லை, ஞாயிறும் இல்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவள் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, உங்க வாயும் வேணாம், என் வாயும் வேணாம். அடிச்சுப் பாத்துடலாம்."

"எதை அடிச்சு?"

மூலையில் போன செட்டின் சிலிண்டர் கிடந்தது. தேதி முடிந்துபோனது. காரில் வைக்க உதவாது, தண்ணீர் பிடிக்க உதவும். அவள் வீட்டுக்குப் போய் என் மனைவியின் சொட்டு நீலம் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே வீட்டிலிருந்து போன் வந்தது, இனிமேல் என் சட்டைகள் எல்லாம் அழுக்கு மஞ்சளாகவே இருக்கும் என்று. பெயின்ட் அடிக்கிறவருடைய வெள்ளை ஓவர்ஆல் ஒன்றை இரவல் வாங்கினாள். வெள்ளைப் பருத்திக் கிளவுஸ். நீலத் தண்ணீரைச் சிலிண்டரில் ஊற்றி, கம்ப்ரசரில் காற்று ஏற்றினான் மகன். நாசிலைக் கூண்டில் டேப் சுற்றிக் கட்டினோம், முதலில் நான் சொன்ன இடத்தில்.

"வெளிய வந்ததும் எங்கெங்க நீலம்னு பாப்போம்" என்றாள். "நீலம் பொய் சொல்லாது."

"தண்ணிதானே" என்றேன்.

ஹெல்மெட்டைப் போட்டு, உள்ளே ஏறி, பெல்ட்டுகளை எல்லாம் மாட்டிக்கொண்டாள். எல்லாப் பெல்ட்டும் வந்து சேர்கிற பக்கிள் வயிற்றுக்குக் கீழே இருக்கும்; அதை ஒரு திருகு திருகினால் எல்லாம் ஒன்றாகக் கழன்றுவிடும். கைகளை ஸ்டியரிங்கில் வைத்தாள். மகன் வெளிப் பிடியை இழுத்தான்.

சீறிக்கொண்டு அடித்தது. உள்ளே ஒரே நீலப் புகை மாதிரி. பெல்ட் கழலுகிற சத்தம் உடனே வரவில்லை. தேடுகிறாள் என்று தெரிந்தது. நான் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தேன். ஆள் வெளியே வரச் சோதனைக்காரர் கொடுக்கிற நேரத்தைத் தாண்டித்தான் கதவு திறந்தது.

ஹெல்மெட் கண்ணாடி பூரா நீலம். கழற்றியபோது முகம் மட்டும் வெள்ளையாக, திருடன் மாதிரி முழித்தாள்.

"ஒண்ணுமே தெரியல மாமா."

"துடைச்சிருக்கணும்."

"பெல்ட்டைக் கழட்டறதா, கண்ணாடி துடைக்கறதா?"

மகன் உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். ஸ்டியரிங் சொட்டச் சொட்ட நீலமாக இருந்தது. அவள் நெஞ்சில் பெரிய திட்டு.

"கையைக் காட்டு" என்றேன்.

காட்டினாள். இரண்டு கிளவுஸும் வெள்ளை. அங்கங்கே கொசு கடித்த மாதிரி நாலைந்து புள்ளி.

நான் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"நீ கையை அவசரப்பட்டு எடுத்துட்ட" என்றேன்.

"தீப்பிடிச்சா பொறுமையா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணுமா மாமா?"

"கொஞ்சம் நனைஞ்சதும் எடுக்கணும்."

மகன் சிரிக்கக்கூடாது என்று பார்த்தான். முடியவில்லை.

அடுத்து அவள் இடம். நாசிலை இறக்கி, பெடலைப் பார்க்கிற மாதிரி கட்டினோம். ஓவர்ஆலைக் கசக்கிப் பிழிந்து, இன்னொரு ஜோடி கிளவுஸ் போட்டு மறுபடி ஏறினாள். இழுத்தான். இந்தத் தடவை கண்ணாடியில் ஒரு சொட்டு இல்லை. பெல்ட் டக்கென்று கழன்றது. சரி, ஜெயித்துவிட்டாள் என்று நான் நினைத்த நேரத்தில், காலைத் தரையில் ஊன்றினாள். தரை வெறும் தகடு; மேலே நீலக் குளம். கால் சர்ரென்று வழுக்கி, அப்படியே பின்பக்கம் உட்கார்ந்தாள். முழங்கை கூண்டில் இடித்தது. வெளியே வரும்போது ஆள் வரவில்லை, மூட்டைதான் வந்தது.

எனக்குச் சந்தோஷம்தான். மறைக்க என்ன இருக்கிறது?

"கால் நல்லா நனைஞ்சுருச்சு" என்றேன். "உள்ளயே உக்காந்து காயவச்சுக்கோ."

"அப்பா!" என்றான் மகன்.

"விடுங்க. மாமா சொல்றது சரிதான்" என்றாள் அவள், முழங்கையைத் தேய்த்துக்கொண்டே. "இது வேலைக்காகாது."

தோற்றதை இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிற ஆளையும் நான் நம்பமாட்டேன். ஏதோ வைத்திருக்கிறாள் என்று பட்டது.

டீ வந்தது. நானும் மகனும் குடித்தோம். அவள் டீயைத் தொடவில்லை. இரண்டு ஜோடி கிளவுஸையும் பானெட் மேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் உள்ளே போய் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டினாள், கழற்றினாள். மாட்டினாள், கழற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு செய்தாள். டீ ஆறி ஆடை கட்டியது. இறங்கி வந்தாள்.

"மாமா, நீங்க ஒரு தடவை உள்ள உக்காருங்க."

"நான் எதுக்கு?"

"உங்க உயரத்துக்கு எங்க அடிக்குதுன்னு பாக்கணும்."

என் உயரத்துக்கும் அவள் ரேஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கூண்டுக்கு நடுவே காலை நுழைத்து உள்ளே போவதற்குள் முட்டி இரண்டும் என்னைத் திட்டின. சீட்டு அவள் உடம்புக்குச் செய்தது. கரண்டி மாதிரி என்னைப் பிடித்துக்கொண்டது. பெல்ட்டையும் மாட்டிவிட்டாள்.

"ஸ்டியரிங்கைப் பிடிங்க. ரெண்டு கையாலயும். ரோட்டைப் பாருங்க."

எதிரில் பட்டறைச் சுவர்தான் இருந்தது. அதைப் பார்த்தேன். அவள் கதவுப் பக்கம் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. திடீரென்று ஸ்பேனரால் கதவுத் தகட்டை ஓங்கி ஒரு அடி அடித்து, என் காதுக்குள்ளேயே கத்தினாள்.

"தீ! மாமா, தீ!"

உயிர் ஒரு தடவை வெளியே போய்விட்டு வந்தது. என்னவெல்லாமோ திட்டினேன், இங்கே எழுத முடியாது. மகன் டயர் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருக்கும்.

அவள் சிரிக்கவில்லை. என் மடியைக் காட்டினாள்.

"கை எங்க இருக்கு மாமா?"

குனிந்து பார்த்தேன். இரண்டு கையும் பக்கிள் மேல் இருந்தன. நான் அங்கே அனுப்பவில்லை. அதுகளே போயிருந்தன.

"நீ கத்துன" என்றேன். "கத்தினா யாருக்கும் கை எங்கயாவது போகும்."

"எங்கயாவது போகல. பக்கிளுக்குப் போச்சு. எனக்கும் ரெண்டு தடவையும் அங்கதான் போச்சு. அதான் கிளவுஸ் வெள்ளையாவே இருக்கு. கை ஸ்டியரிங்ல இருக்கும்னு நீங்க வச்சீங்க. கால் பெடல்ல இருக்கும்னு நான் வச்சேன். நாம ரெண்டு பேருமே ஓட்டற ஆளுக்கு நாசில் வச்சிருக்கோம். தீப்பிடிச்சப்புறம் யாரு ஓட்டப்போறா?"

ரேஸ் கார் கட்டுகிறவன் ஆளை எப்போதும் ஓட்டுகிற மாதிரியேதான் பார்ப்பான். சீட்டு அளவு அப்படித்தான் எடுப்போம், ஸ்டியரிங் உயரம் அப்படித்தான் வைப்போம். கை மேலே, கால் கீழே. இறங்குகிற ஆளை யாரும் உட்காரவைத்து அளவெடுத்ததில்லை. அந்தப் படத்தில் இருந்த ஆளும் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான்.

"மடிக்கு வைக்கலாம் மாமா. கூண்டுல நடுவுல போற குழாய்லருந்து, டேஷ்போர்டுக்குக் கீழ, குறுக்கால அடிக்கிற மாதிரி. பக்கிள், தொடை, கை எல்லாம் நனையும். வழிஞ்சு காலுக்கும் போகும். மூஞ்சிக்கு ஏறாது."

"மடியில என்ன இருக்கு எரியறதுக்கு? கையும் இல்லாம காலும் இல்லாம ரெண்டுங்கெட்டான் இடம்."

"கை அங்கதான் வரும்."

"அடிபட்டு மயங்கிட்டா? அப்ப கை எங்க போகும்?"

"மயங்கினா கை மடியிலதான் விழும். வேற எங்க விழும்?"

"உனக்கு யாரு எழுதிக் குடுத்தது?"

அவள் என் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கை கொடுத்து வெளியே இழுத்தாள். நான் போய் டீ டம்ளரைக் கழுவினேன். வேறு வெல்டரைப் பார்த்துக்கொள் என்று சொன்னது சொன்னதுதான். காலுக்கு வைக்கமாட்டேன் என்றேன். மடிக்கு வைப்பேன் என்று எப்போது சொன்னேன்?

திரும்பிப் பார்த்தால் மகன் வெல்டிங் முகமூடியைத் தலையில் மாட்டிக்கொண்டிருக்கிறான். ஒரு தகட்டைக் குறட்டில் பிடித்திருக்கிறான். வெல்டிங் பிடியை வலது கையில் எடுத்தான். விரல் சுற்றி வரவில்லை. இடது கையால் ஒவ்வொரு விரலாக மடக்கி அதன் மேல் வைத்தான். அவள் அவனைத் தடுக்கவில்லை. தகட்டைக் குழாயோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் என்னைக் கூப்பிடவும் இல்லை.

இப்படித்தான் ஆளை மடக்குவது. தெரிந்தேதான் செய்கிறார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்தக் கையால் அவன் போடுகிற வெல்டிங் ரேஸில் அதிர்ந்து விட்டுப்போனால், நாசில் வானத்தைப் பார்க்கும்.

"குடுடா" என்றேன். "பேட்டரியைக் கழட்டினியா முதல்ல?"

கழற்றவில்லை. மாட்டியபடியே பற்றவைத்தால் காரின் வயரிங் எல்லாம் கருகிவிடும். பார்த்தீர்களா?

பேட்டரியைக் கழற்றினேன். குழாயில் பெயின்டைச் சுரண்டினேன். தகட்டை இரண்டு தடவை வெட்டினேன். முதலில் வெட்டியது அவள் முட்டியில் இடிக்கும் என்று தோன்றியது. அவளை உட்காரவைத்து, பெல்ட் போடச் சொல்லி, கையைப் பக்கிளில் வைக்கச் சொல்லித்தான் அளவெடுத்தேன். எனக்கு நம்பிக்கை இல்லாத வேலை. அதற்காக வெல்டிங்கைக் கோணலாகப் போட முடியுமா? மணி கோத்த மாதிரி விழுந்தது. ஆறினதும் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை. யாரும் சொல்லாமலே, அவள் கால் ஊன்றுகிற இடத்தில் சொரசொரப்பான உப்புத்தாளைப் பசை போட்டு ஒட்டினேன்.

"இது எதுக்கு மாமா?"

"மூட்டை மாதிரி விழறதைப் பாக்கச் சகிக்கல."

மூன்றாவது தடவை நீலத் தண்ணீர் ஊற்றினோம். வீட்டிலிருந்து எடுத்த பாட்டில் காலி. இழுத்தான். அவள் கை மடிக்குப் போனது, பெல்ட் கழன்றது, கால் ஊன்றியது, வெளியே நின்றாள். நான் எண்ண ஆரம்பித்தது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

கிளவுஸ் இரண்டும் மணிக்கட்டு வரைக்கும் நீலம். தொடை நீலம். அங்கிருந்து வழிந்து ஷூ நீலம். ஹெல்மெட் கண்ணாடி துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அவள் இரண்டு கையையும் தூக்கிப் புருஷனிடம் காட்டினாள். அவன் அந்த நீலக் கையைத் தன் மடங்காத விரல்களால் பிடித்துப் பார்த்தான்.

நான் அவளைச் சுற்றி வந்தேன்.

"இடது முழங்கை காய்ஞ்சிருக்கு" என்றேன்.

"மாமா!"

"காய்ஞ்சிருக்கா இல்லையா?"

"காய்ஞ்சிருக்கு."

"அதைத்தான் சொன்னேன்."

சனிக்கிழமை சோதனைக்காரர் வந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் டார்ச். பட்டப்பகலிலும் கையில் டார்ச் லைட் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. சிலிண்டர் கட்டின பட்டையை ஆட்டிப் பார்த்தார். பானெட்டை மூடச் சொல்லிக் கீழே படுத்துப் பார்த்தார். அது ஒன்று எனக்குப் பிடித்தது. அப்புறம் உள்ளே தலையை விட்டவர் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

"இந்த நாசில் என்ன, மடியைப் பாக்குது?"

மருமகள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "என்னைக் கேக்காதீங்க. நான் வெல்டிங் மட்டும்தான்."

"மூஞ்சியைப் பாக்கலியே, அது போதும்" என்றார் டார்ச். "எல்லாரும் மூஞ்சிக்குத்தான் வச்சிட்டு வர்றாங்க. பெரியவரே, வெல்டிங் நல்லாருக்கு."

"நாசிலு?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு."

"எரிஞ்சாதானே தெரியும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அவளை உள்ளே உட்காரவைத்து, கடிகாரத்தைப் பிடித்து, "இறங்கு" என்றார். இறங்கினாள். கடிகாரத்தை இரண்டாம் தடவை பார்த்துக்கொண்டார். ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கார்கள் வரிசையில் நின்றன. சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. மகன் ஜன்னல் வழியாகக் குனிந்து அவள் பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்தான். அவன் விலகியதும் நான் குனிந்தேன். கையை விட்டு நாசிலைத் தொட்டேன். ஆட்டினேன். அசையவில்லை. வாய் அவள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே இப்போது கை இல்லை. கை ஸ்டியரிங்கில் இருந்தது.

அவள் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாள். "இப்பவாவது நம்புறீங்களா மாமா?"

"நாம அடிச்சது தண்ணிம்மா. உள்ள தீ இல்ல. புகை இல்ல. தண்ணிக்குக் கை மடிக்குப் போச்சு. தீக்கு எங்க போகும்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப கொளுத்திப் பாத்துடலாமா?"

"வாயைக் கழுவு. ஒழுங்கா ஓட்டு."

சிரித்துக்கொண்டே கண்ணாடியை இறக்கினாள். கொடி ஆட்டுகிறவன் எங்களை எல்லாம் விலகச் சொன்னான். மகன் தடுப்புச் சுவர் பக்கம் போனான். அங்கிருந்து பார்த்தால் பாதி மைதானம் தெரியும். "அப்பா, இங்க வாங்க, இடம் இருக்கு" என்று கையை ஆட்டினான்.

நான் போகவில்லை. எங்கள் வண்டிக்குப் போய், காலையிலேயே யாருக்கும் தெரியாமல் போர்வைக்கடியில் வைத்திருந்த பட்டறைச் சிவப்பு சிலிண்டரை எடுத்தேன். கனம். தோளில் வைத்துக்கொண்டு, கார்கள் வேகத்தைக் குறைத்துத் திரும்புகிற கடைசி வளைவுப் பக்கம் நடந்தேன். அங்கே காவலுக்கு நிற்கிறவன் விரட்டுவான். அவன் விரட்டட்டும். அவனுக்கும் ஒரு சிலிண்டர் கொடுத்து நிறுத்தியிருப்பார்கள், அதன் தேதி முடிந்துவிட்டதா என்று யார் பார்த்தது? முதலில் அதைப் பார்க்க வேண்டும். பின்னால் எல்லா எஞ்சினும் ஒன்றாக உறுமின. நான் திரும்பாமல் நடந்தேன்.